மிஸ் வந்து கை பிடித்தால்

ஆண்டாள் மிஸ்ஸின் வகுப்பில் பெஞ்சும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. பாலிகஞ்சில் ரயில் பாதையைப் பார்த்துப் போகும் ஒரு சந்தில், பழைய மாடி வீட்டின் கீழ்த்தள முன்னறைதான் வகுப்பு. கறுப்பு ஓரம் போட்ட சிவப்பு சிமெண்டுத் தரை. குழந்தைகள் உட்கார்ந்து நகர்ந்து அது கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது. ரயில் போகும்போது பச்சை ஜன்னல் கதவுகள் நடுங்கும். மிஸ் பேச்சை நிறுத்திக்கொள்வார். சத்தம் அடங்கியதும் எந்த வார்த்தையில் விட்டாரோ அதிலிருந்தே தொடர்வார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் மகள் வசந்திக்கு அப்போது ஐந்து வயது. கரியாஹாட் மார்க்கெட்டில் என் கணவருக்கு அப்பளம், புளி, காப்பிப்பொடி விற்கும் சின்னக் கடை இருந்தது. கல்கத்தா வந்து சில வருஷங்கள் ஆகியும் எனக்கு வங்காளி சரியாகப் பேச வராது. தமிழே அளந்துதான் பேசுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்பதால், படித்தவர்கள் நடுவில் வாயைத் திறக்கப் பயம். வசந்தியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். அதனால் அங்கேயே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். முதலில் சும்மாதான் இருந்தேன். பிறகு யாருடைய மூக்கையோ துடைத்துவிட்டேன், யாருடைய சிலேட்டையோ அழித்துக் கொடுத்தேன். அப்படியே அது என் வேலையாகிவிட்டது. மிஸ் என்னை "வசந்தி அம்மா" என்று கூப்பிடுவார். என் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிஸ்ஸுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, வெளிர் நிறக் கைத்தறிப் புடவை, இடுப்பில் செருகிய கைக்குட்டை, விரல் நுனியில் எப்போதும் சாக்பீஸ் தூள். சிறு வயதிலேயே அப்பா போய்விட, அண்ணன் ராஜாராமனோடு கல்கத்தா வந்து இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர். அண்ணன் ஒரு பெரிய கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். மிஸ்ஸைப் பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு வருவது நின்றுவிட்டது. வரலட்சுமி நோன்பன்று ஒருமுறை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனின் மனைவி கிருஷ்ணம்மாள் எல்லாப் பெண்களுக்கும் வரிசையாகத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டே வந்தாள். மிஸ் நிற்கும் இடம் வந்ததும், "ஆண்டாள், உள்ளே பால் பொங்கறதா பாரு" என்றாள். மிஸ்ஸும் போய்ப் பார்த்தார். அடுப்பில் பால் இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு அவர் திரும்பி வரவுமில்லை.

ஆனால் காலை வகுப்பில் அவர் வேறு ஆள். குரல் உயராது. ஆனாலும் குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்கும்.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அவரிடம்தான் குழந்தைகளை அனுப்பின. காரணம் பெரிய பள்ளிகளின் நுழைவுத் தேர்வு. ஜனவரியில் முதல் வகுப்பில் சேர வேண்டுமென்றால் அதற்கு முன்பே குழந்தையைக் கூட்டிப்போய் ஒரு அறையில் உட்காரவைக்க வேண்டும். அங்கே நிறம் கேட்பார்கள், பழம் கேட்பார்கள், ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்பார்கள். வீட்டில் தமிழும் சந்தில் வங்காளியும் பேசும் குழந்தைகள், அதற்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும்.

ஒற்றைப்படை இரட்டைப்படைக்கு மிஸ் முதலில் புளியங்கொட்டையைத்தான் கொண்டுவந்தார். இரண்டிரண்டாக அடுக்கச் சொன்னார். ஒரு குழந்தை ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டு, அதை எடுப்பதற்குள் எங்களுக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் கொட்டை கிடையாது. குழந்தைகளையே எண்ணிக்கையாக்கிவிட்டார்.

"எல்லாரும் எழுந்திருங்கோ. ஆளுக்கு ஒரு ஜோடி பிடிச்சுக்கோங்கோ. யாராவது மிச்சமானா அது ஒத்தைப்படை. மிச்சமே இல்லேன்னா ரெட்டைப்படை."

அன்று ஒன்பது குழந்தைகள். ஒரே கூச்சல். நான்கு ஜோடி சேர்ந்தது. மிச்சம் நின்றவள் சுப்பு.

சுப்பம்மாள் என்று பெயர். அவள் அப்பா மாணிக்கம் மார்க்கெட்டில் ஒரு தமிழர் ஓட்டலில் சமையல்காரர். அம்மா இல்லை. அந்தச் சமயத்தில் சுப்புவின் கைகளில் சொறி வந்து, விரலிடுக்கெல்லாம் ஊதா மருந்து தடவியிருந்தது. அந்தக் கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. சுப்பு ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தாள். பிறகு ஊதாக் கைகளைக் கவுனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மிஸ் நேராகப் போனார். அந்த ஊதாக் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "இதோ, நானும் சுப்புவும் ஜோடி" என்றார். சுப்புவின் அழுகை நின்றது. எல்லாக் குழந்தைகளும் கைதட்டின. எனக்கும் அது நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. தினமும் ஜோடி விளையாட்டு. யார் மிஞ்சினாலும் மிஸ் போய்க் கை பிடிப்பார். பெரும்பாலும் மிஞ்சுவது சுப்புதான். சொறி ஆறி, ஊதா நிறம் போன பிறகும் மற்றக் குழந்தைகள் பழைய பழக்கத்தை விடவில்லை. மிஸ்ஸும் விடவில்லை. அந்த வகுப்பில் எந்தக் குழந்தையும் தனியாக நின்று நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சாவித்திரி மாமியின் மகன் வைத்தீஸ்வரனுக்கு ஒரு பள்ளியில் தேர்வு வந்தது. அந்த வருஷம் முதலில் போனவன் அவன்தான். வகுப்பிலேயே கெட்டிக்காரன், வாய் ஓயாதவன். மறுநாள் காலை மாமி செருப்பை வாசலில் விட மறந்து அப்படியே உள்ளே வந்தாள். கையில் வைத்தி.

"என்ன மிஸ் சொல்லிக் குடுத்திருக்கேள் இவனுக்கு? உலகத்துல ஒத்தைப்படைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்கறான்!"

"என்ன மாமி, உக்காருங்கோ."

"உக்காரறதாவது! அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ஏழு பொத்தானை மேஜையில வைக்கறா. ஆடா ஈவனா, ஒத்தையா ரெட்டையான்னு கேக்கறா. இவன் ஈவன்ங்கறான். சரி, ஜோடி சேர்த்துக் காட்டுன்னா. சேர்த்தான். ஒண்ணு மிஞ்சித்து. இப்போ என்னன்னு கேட்டா, இவன் எழுந்து போய், அவ பேனா மூடியைக் கழட்டி அந்தப் பொத்தான் பக்கத்துல வச்சுட்டு, 'நௌ ஈவன்'ங்கறான்! அவ பேனாவை, மிஸ்! அவ பேனாவை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மிஸ் வைத்தியின் முன்னால் குனிந்தார். "வைத்தி, ஏழு பேர் இருக்கா. என்ன படை?"

"ரெட்டை."

"ஒருத்தர் மிஞ்சுவாளேடா?"

"மிஸ் வந்து கை பிடிச்சுப்பேளே!" என்றான் அவன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

மிஸ் திரும்பி மற்றக் குழந்தைகளைப் பார்த்தார். ஐந்து என்றார். "ரெட்டை!" மூன்று என்றார். "ரெட்டை!" என் வசந்திதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். ஒன்று என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு சுப்பு மெல்லச் சொன்னாள். "ரெட்டை. நானும் மிஸ்ஸும்."

சாவித்திரி மாமி சுப்புவையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது. ரயில் ஒன்று வந்தது, போனது. மிஸ் விட்ட வார்த்தையிலிருந்து தொடர அன்று எந்த வார்த்தையும் இல்லை.

"தப்பு என்னோடதுதான், மாமி. டிசம்பர்ல இன்னும் நாலு ஸ்கூல்ல டெஸ்ட் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

"டிசம்பர் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்கோ. சின்னவளையும் உங்ககிட்டதான் விடணும்னு இருந்தேன்."

மாமி மட்டும் கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. செய்தி இரண்டே நாளில் எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் போய்விட்டது. அந்த வாரமே இரண்டு குழந்தைகள் நின்றுவிட்டன. எங்கள் கடைக்கு வந்த ஒரு அம்மா, "இரட்டைப்படை மிஸ்கிட்டயா உங்க பொண்ணு படிக்கிறா?" என்று என் கணவரிடம் கேட்டாளாம்.

இதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கல்கத்தாவை விட்டுப் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ராஜாராமனின் அலுவலகமும் வருஷக் கடைசியில் போவதாக இருந்தது. உள்ளறையில் அவர்கள் பேசியது முன்னறைவரை கேட்டது.

"பம்பாய்ல ரெண்டு ரூம் வீடுதான் கிடைக்கும். அதுல நாம எல்லாரும் இருந்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"நான் இங்கேயே இருக்கேன், அண்ணா. வகுப்பு இருக்கு. மாடி மாஷிமா முன்ரூமை எனக்கு விடறேன்னு சொல்லியிருக்கா."

மாஷிமா என்பது மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாள். எல்லோரும் அவளைச் சித்தி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வகுப்பு எங்கே இருக்கு?" என்றாள் கிருஷ்ணம்மாள். "நாளுக்கு நாள் குறையறது. அங்கே வந்தா, நேக்கும் சமையல்ல ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

அண்ணன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "டிசம்பர் முடியட்டும். பசங்களுக்கு இடம் கிடைச்சு, ஜனவரிக்குப் புதுசா ஆள் சேர்ந்தா நீ இரு. இல்லேன்னா டிக்கெட்ல உன் பேரும் இருக்கும்" என்றார்.

மிஸ் முன்னறைக்கு வந்து கரும்பலகையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த பலகைதான்.

மறுநாள் முதல் மிஸ் கை பிடிக்கவில்லை. ஜோடி சேரச் சொன்னார். சுப்பு மிஞ்சினாள். மிஸ் அசையாமல் பலகையருகே நின்று, "இதுதான் ஒத்தைப்படை. பாருங்கோ, ஒருத்தர் மிச்சம்" என்றார். குரல் என்னவோ போல் இருந்தது. எல்லாக் குழந்தைகளும் சுப்புவைப் பார்த்தன. சுப்பு மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் தன் இரண்டு கைகளையும் புடவை மடிப்புக்குள் செருகியிருந்தார். சுப்பு அழவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மிச்சமிருந்த ஆறு பேரும் அழகாக ஜோடி சேர்ந்து நின்றார்கள். மிஸ் அவர்களைப் பார்த்துவிட்டு, "உக்காருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

கடைக்குப் போகிற வழியில் நான் ஓட்டலின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். மாணிக்கம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். சுப்பு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அனுப்பலைங்க?" என்றேன். புதிய ஆள் ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போக மாட்டேங்குதும்மா. அங்க போனாலும் அழுவுது, இங்க இருந்தாலும் அழுவுது. இங்கன்னா வெங்காயம்னு சொல்லிக்கலாம் பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தார்.

"ஏன் சுப்பு?"

அவள் வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் போனா ஒத்தையாயிடும்."

நான் அதை அப்படியே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்தார், நான்காக உடைத்தார், பிறகு பெருமூச்சுவிட்டு அதைப் பெட்டியில் போட்டு மூடினார். "ஒத்தைன்னா என்னன்னு காட்ட ஒருத்தியை நிறுத்தி வைக்கணும்னா, அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம் வசந்தி அம்மா. ஆனா வைத்திக்கு இடம் கிடைக்கணுமே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று சந்தேகம்.

அதற்குள் துர்க்கா பூஜை வந்துவிட்டது. சந்து முனையில் மூங்கில் நட்டு, துணி கட்டி, பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. எந்தக் குழந்தைக்கும் சிலேட்டில் மனசில்லை. பூஜை தொடங்கும் சஷ்டியன்று காலை, கூட்டம் சேர்வதற்கு முன், குழந்தைகளைப் பந்தலுக்குக் கூட்டிப்போவதாக மிஸ் சொன்னார். நான் போய் சுப்புவைக் கேட்டேன். வகுப்பு இல்லை, பொம்மை பார்க்கப் போகிறோம் என்றதும் வந்தாள்.

துர்க்கையின் முகத்தில் வர்ணம் அன்றுதான் உலர்ந்த மாதிரி பளபளவென்றிருந்தது. பெரிய மேளத்தைக் கீழே வைத்துவிட்டு மேளக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஷிமா வெள்ளைப் புடவையில், ஒரு தட்டில் பவழமல்லியோடு முன்னமே வந்து நின்றிருந்தாள்.

குழந்தைகள் அண்ணாந்து பார்த்தன. நடுவில் சிங்கத்தின் மேல் துர்க்கை, காலடியில் அசுரன். ஒரு பக்கம் லட்சுமியும் பிள்ளையாரும். இன்னொரு பக்கம் சரஸ்வதியும் முருகனும். வங்காளத்தில் இந்த நால்வருமே துர்க்கையின் பிள்ளைகள். தலைக்கு மேல் வளைவில் சிவன், சின்னப் படமாக.

சொல்லிக்கொடுக்க வரவில்லைதான். ஆனாலும் வசந்தி சும்மா இருக்கவில்லை. விரலை நீட்டினாள். "அம்மாவும் குழந்தைகளும் அஞ்சு பேர்."

"அசுரனையும் எண்ணணும்" என்றான் வைத்தி.

"அவன் சண்டைக்கு வந்தவன். வீட்டு ஆள் இல்லே" என்றாள் வசந்தி. அதில் எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள். அவர்களாகவே ஜோடி சேர்க்க ஆரம்பித்தார்கள். லட்சுமிக்கு சரஸ்வதி. பிள்ளையாருக்கு முருகன்.

"துர்க்கை மிச்சம்" என்றது ஒரு குழந்தை.

சுப்பு நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இத்தனை கை வச்சிருக்கு. ஒருத்தரும் பிடிச்சுக்கலை" என்றாள்.

வைத்திக்கு உடனே பதில் வந்துவிட்டது. "மேலே சிவன் இருக்காரே! அவர் இறங்கி வந்து கை பிடிச்சுப்பார். அப்போ ரெட்டை."

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பவும் அதே இடம்.

மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குழந்தை கையைக் காட்டிப் பேசியதைப் பார்த்து, என்னவாம் என்று கேட்டாள். வைத்தி வங்காளியில் கடகடவென்று சொன்னான். அந்த அம்மாள் பல்லில்லாத வாயால் சிரித்தாள்.

"சிவனா? அவர் எங்கே வருவார்! அவர் கைலாசத்தில் இருக்கிறார். இவள் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், அப்பா வீட்டுக்கு. வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகத்தான் வருவாள். நாங்கள் அவளைத்தானே கூப்பிடுகிறோம்? அவரும் கூட வந்தால் அது வேறு பூஜை."

"வரவே மாட்டாரா?" என்றான் வைத்தி.

"மாட்டார்."

"அவளுக்கு அழுகை வராதா?" இதைக் கேட்டது சுப்பு. அவளும் வங்காளியில்தான் கேட்டாள். அவளுக்கு அந்த மொழி எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரும்.

மாஷிமா அசுரனைக் காட்டினாள். "அழுவதற்கு நேரம் எங்கே? வேலை இருக்கிறதே."

குழந்தைகள் சிரித்தன. மேளக்காரர்கூடச் சிரித்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல இருந்தது அந்த முகம்.

பூஜை விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கிய அன்று சுப்புவும் வந்துவிட்டாள். மிஸ் தரை நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

"ஜோடி சேருங்கோ. மிச்சமாறவா இந்த வட்டத்துல வந்து நிக்கணும். அவாதான் இன்னிக்கு துர்க்கை. நான் வரமாட்டேன். நான் வந்தா நீங்க ஏழு பேர் இல்லே, எட்டாயிடும். அது வேற கணக்கு."

சுப்பு வட்டத்துக்குள் வந்து நின்றாள். கொஞ்சம் தயங்கி, ஒரு கையைச் சூலம் பிடிக்கிற மாதிரி தூக்கினாள். வைத்தி ஓடிப்போய் மிஸ்ஸின் அடிஸ்கேலைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுத்தான். அவன்மேலேயே சுப்பு அதை ஓங்கினாள். அவன் "ஐயோ!" என்று தரையில் விழுந்து அசுரனானான். அரை நிமிஷம் வகுப்பு வகுப்பாகவே இல்லை.

ஆனால் புதுத் தொந்தரவு மறுநாளே வந்தது. இப்போது எல்லோருக்கும் மிச்சமாக வேண்டும். யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை. வசந்தியும் இன்னொரு பெண்ணும் ஒரே வட்டத்தில் ஏறி நின்று தள்ளிக்கொண்டார்கள்.

"நான்தான் மிச்சம்!"

"இல்லே, நான்தான்!"

"ரெண்டு பேர் மிஞ்சினா அது மிச்சமா?" என்றார் மிஸ், பலகையருகே நின்றபடியே.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கை கோத்துக்கொண்டு வட்டத்தைவிட்டு இறங்கினார்கள். எத்தனை பேர் ஆசைப்பட்டாலும் ஒருத்திதான் துர்க்கை என்பதை அவர்கள் சண்டை போட்டே தெரிந்துகொண்டார்கள். ஆறு பேர் வந்த நாளில் துர்க்கையே கிடையாது என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு காலையில் வாசற்படியிலேயே எண்ணிக்கை நடக்கும். ஐந்தாவது ஆள் வந்தால் "இருக்கு!" என்று ஒரு கூச்சல். ஆறாவது வந்தால் "போச்சு!" ஏழாவதாக சந்து முனையில் சுப்புவின் தலை தெரிந்தால் போதும், எல்லோரும் படியில் நின்று குதிப்பார்கள். "ஓடி வா, சுப்பு! நீ வந்தாதான் துர்க்கை இருக்கு!"

அவள் ஓடி வருவாள். ஒற்றைப் பின்னல் முதுகில் குதிக்கும். இப்போது நினைத்தாலும் அந்தச் சந்தும் அந்த ஓட்டமும் கண் முன்னால் வருகின்றன.

மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்களே தவிர, வட்டத்தில் தினம் அவளே நிற்க விட்டுவிடவில்லை. அவளும் கை கோக்க ஆரம்பித்தாள். யார் கை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதுகூட நாளாக ஆக எனக்கு மறந்துவிட்டது.

டிசம்பரில் தேர்வுகள் வந்தன. மிஸ் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை என்று கிருஷ்ணம்மாளே என்னிடம் சொன்னாள். உள்ளறையில் மரப்பெட்டிகளில் பாத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. மிஸ்ஸின் துணிகள் மட்டும் கொடியிலேயே இருந்தன.

வைத்தி வேறொரு பள்ளிக்குப் போய்வந்த அன்று, சாவித்திரி மாமி மூச்சு வாங்க வந்தாள். இந்தத் தடவை செருப்பை ஒழுங்காக வாசலில் விட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"மிஸ்! ஒன்பது கூழாங்கல்லை வச்சாளாம். ஆடுன்னுட்டான். அவ விட்டாளா? இன்னொரு கல்லை எடுத்துப் பக்கத்துல வச்சு, 'இப்போ ஒன்பது ஈவன் ஆயிடுத்தா?'ன்னு கேட்டிருக்கா. எனக்கு அந்தண்டை உயிரே இல்லே. இவன் என்ன சொன்னான் தெரியுமோ?"

"என்ன சொன்னான்?"

"'ஒன்பது ஒண்ணும் ஆகலை, ஆன்ட்டி. அது போயிடுத்து. இது பத்து'ன்னானாம்! அவ எழுந்து வந்து எங்கிட்ட, யார் இவனுக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னேள்?"

"உங்க பேரைச் சொன்னேன். பின்னே யார் பேரைச் சொல்லறது? ஜனவரியில சின்னவளைக் கொண்டுவந்து விடறேன். நின்னுபோன அந்த ரெண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிட்டேன். ஒரு வீட்டுல கடைக்குட்டி இருக்கு, ஒரு வீட்டுல சித்தப்பா பெண் இருக்கு. அனுப்பறாளாம்."

மிஸ் "சரி மாமி" என்று மட்டும் சொன்னார். மாமி போன பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.

வசந்திக்கும் இடம் கிடைத்தது. சுப்புவை மாணிக்கம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே தேர்வெல்லாம் கிடையாது. முதல் நாளே வரிசையின் முன்னால் போய் நின்றுகொண்டாளாம்.

வருஷக் கடைசியில் ராஜாராமன் குடும்பம் கிளம்பியது. மிஸ் தனியாகத் திரும்ப வேண்டுமே என்று நானும் ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனேன். பம்பாய் மெயில் நின்றிருந்தது. கூலிகள் பெட்டிகளை ஏற்றினார்கள். கிருஷ்ணம்மாள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

"தனியா இருந்துண்டு என்னடீ பண்ணப்போறே?"

"காலையில பசங்க வருவா, மன்னி. சாயந்திரம் மாஷிமாவுக்குப் பேச்சுத் துணை வேணும். நடுவுல துணி துவைக்கணும். நேரம் எங்கே இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை. ஏறிக்கோ. உன் டிக்கெட்டை அண்ணா ரத்து பண்ணவே இல்லை."

மிஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்த பெர்த்துல காலை நீட்டித் தூங்குங்கோ, அண்ணா" என்றார் மிஸ்.

விசில் ஊதியது. ரயில் அசைந்தது. கிருஷ்ணம்மாள் கையை விடவில்லை. மிஸ் ரயிலோடு கொஞ்சம் நடந்தார். பிறகு தானே மெதுவாக விரல்களை எடுத்துக்கொண்டார். கடைசிப் பெட்டி போகும்வரை நின்று பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாங்கோ, வசந்தி அம்மா. டிராம்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்."

பாலத்தின் மேல் டிராம் ஊர்ந்தது. கீழே ஆற்றில் பனிமூட்டம். ஜன்னலோர இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது. என்னை உட்காரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, புதிதாக வரப்போகும் குழந்தைகளின் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாவித்திரி மாமியின் சின்னவள் பெயர் நினைவுக்கு வராமல் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.